பதினோரு வண்டிகளின் வலி

பொள்ளாச்சி செண்பகா நகர் மூன்றாவது வீதியில் பதினோரு கார்கள் நின்ற காலத்தில், அந்தப் பதினொன்றில் ஒன்றுகூடத் தன்னுடையதாக இல்லாத கருணாம்பிகை என்ற ஐம்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு, ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, இடது கணுக்கால் காற்றுப் போனதுபோல் தொய்ந்துவிட்டது. அடிபடவில்லை, சுளுக்கவில்லை, வீங்கவுமில்லை. ஊன்றினால் மட்டும் பாதம் ஒரு பக்கமாகப் பிதுங்கியது. அவளுடைய கணவர் சென்னியப்பன், தேங்காய் நார் மில்லில் சூப்பர்வைசர், தைலத்தைத் தேய்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நகராட்சிப் பள்ளியில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சத்துணவு போடும் அமைப்பாளர் கணுக்காலுக்காக லீவு போட முடியாது என்பதால், அவளும் சுவரைப் பிடித்துப் பிடித்து வீதியில் இறங்கினாள்.

எதிர்வீட்டுக் குப்புராஜ், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், தன் காரின் முன்சக்கரத்துக்குக் கால்பம்பால் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு மிதி மிதிக்க, இவள் கணுக்கால் ஒரு நூல் நிமிர்ந்தது. இன்னொரு மிதிக்கு இன்னொரு நூல். அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும் இவள் கால் பாதியில் நின்றது. கருணாம்பிகை காலைத் தூக்கிப் பார்த்தாள், ஊன்றிப் பார்த்தாள், பிறகு இன்னும் கொஞ்சம் அடிக்கும்படி அவரிடம் சொன்னாள். அவர் அடித்தார். போதும் என்றாள். பெட்ரோல் பங்கில் அளந்து பார்த்தபோது காற்று கச்சிதமாக இருந்ததாம். அன்று மாலை கேட்டுக்கு வந்த குப்புராஜ், இது எப்படி என்று கேட்கவில்லை. பின்சக்கரம் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். அவள் குதிகாலை ஆட்டிப் பார்த்து, பரவாயில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த வீதி அப்படிப்பட்ட வீதி. முறையில்லாத நாளில் குழாயில் தண்ணீர் வந்தால் ஏன் வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள், குடத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

ஆடி முடிவதற்குள் எல்லாம் தெளிவாகிவிட்டது. ஒரு குடம் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்காமல் அவள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நாளில் ஐந்தாம் நம்பர் வீட்டுக் காரில் கூலன்ட் வற்றிப்போயிருந்தது. முழங்கால்கள் இரண்டும் மணல் போட்டு அரைத்ததுபோல் கரகரத்த வாரத்தில் மூலைவீட்டு வண்டிக்கு ஒன்றரை வருஷமாக ஆயில் மாற்றாதது தெரிந்தது. விழித்த பிறகும் எழுந்திருக்க முடியாமல் மூன்றுமுறை முக்கி நான்காவது முறைதான் எழுந்த காலையில் இன்னொருவருடைய பேட்டரி படுத்தது. நேராக நடக்க நினைத்தும் கால்கள் இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போய் அவளைக் கீரைக்காரம்மாவின் கூடையில் கொண்டு முட்டிய அன்று, வீல் அலைன்மென்ட் என்ற சொல்லை அவள் முதல்முறையாகக் கேள்விப்பட்டாள். வலி யாருடைய வண்டிக்கு உரியது என்று கண்டுபிடிக்கவும் வழி இருந்தது. ஒவ்வொரு காராகப் பக்கத்தில் போய் நிற்பாள். உரிய காரிடம் வந்ததும் வலி சுரீரென்று கூடும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வாள். அவர் சரிசெய்வார். வலி போகும்.

முதல் இரண்டு மாதம் வீதியே மெச்சியது. நடுவழியில் நின்ற வண்டி இல்லை, பஞ்சரில்லை, மழையில் வைப்பர் தேயாமல் கண்ணாடி துலங்கியது. கருணாம்பிகைக்கும் இதில் ஒரு சின்னப் பெருமை இருந்ததென்று சொல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும். பள்ளியில் பாடம் எடுக்காதவளை ஊர் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டுவந்தது. இப்போதுதான் அந்தப் பெயருக்கு ஏதோ வேலை செய்வதுபோல் அவளுக்குத் தோன்றியது.

பிறகு அவர்கள் பார்ப்பதை நிறுத்தினார்கள்.

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வைக்கக் குனியும்போதாவது டயரைப் பார்த்தவர்கள் இப்போது பழத்தை மட்டும் வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். பானெட்டைத் திறக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்பதே சிலருக்கு மறந்துபோனது. வெளியூர் கிளம்புகிறவர்கள் காலையில் அவள் வீட்டு கேட்டுக்கு வந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று அத்தனை அக்கறையாக விசாரிப்பார்கள். நன்றாக இருக்கிறேன் என்றால் முகம் மலர்ந்து வண்டியை எடுப்பார்கள். காய்ச்சல் என்றால், அது டீச்சருடைய சொந்தக் காய்ச்சலா, ஏதாவது வண்டியினுடையதா என்று கேட்பார்கள். சொந்தம் என்று தெரிந்தால் ஆறுதலாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள், ஒரு பாக்கெட் பிரெட் வாங்கித் தந்தவர் கிடையாது. பழைய கார் வாங்க நினைத்த யாரோ ஒருவர் அதை வீதியில் இரண்டு நாள் நிறுத்திவைத்துவிட்டு, அந்த இரண்டு நாளும் அவள் பட்ட முதுகுவலியை எழுதிக்கொண்டு போய் விலையைக் குறைத்தார். சங்கம் அவள் கேட்டில் ஒரு பலகை மாட்டியது: காலை ஏழு முதல் எட்டு வரை. அதை அவளிடம் கேட்டு மாட்டவில்லை. மாட்டிவிட்டு, ஆணி நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

உடுமலை ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஜமால் பாயும் வெறுத்துப்போயிருந்தார். வண்டியோடு துண்டுச்சீட்டு வரும்: ‘டீச்சருக்கு வலது தோள்பட்டையில் குடைச்சல்’ என்று. வண்டியில் என்ன சத்தம், எப்போதிலிருந்து, எந்த வேகத்தில் என்று அவர் கேட்டால் ஓனருக்கு எதுவும் தெரியாது. தோள்பட்டைதாங்க என்பார். மலைக்குப் போகிறவர்களிடம் ஜமால் பாய் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: ஏறின கியரிலேயே இறங்கணும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகிக் கடைசியில் கைவிட்டுவிடும், கைவிட்டால் கியரைக் குறைத்து மலைப்பக்கம் ஒதுக்கணும். அதை அவர்கள் கோயில் ஒலிபெருக்கியைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். காது கொடுத்துக் கேட்டவள் ஒருத்திதான், அவளிடம் கார் இல்லை.

ஒருநாள் பள்ளி விட்டு வரும் வழியில் கருணாம்பிகை அவருடைய ஒர்க்‌ஷாப் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு குதிகாலும் தேய்ந்ததுபோல் எரிந்தன.

“டயர்ல காத்துப் பார்க்க அஞ்சு நிமிஷம் ஆகுமா டீச்சர்? ஆயில் குச்சியை உருவித் தொடைச்சுப் பார்க்க ரெண்டு நிமிஷம். இதுக்கு ஒரு மனுஷி உடம்பு கெடணுமா?” என்றார் ஜமால் பாய்.

“பாருங்கன்னு சொன்னா, நீங்க நல்லாத்தான இருக்கீங்கங்கறாங்க பாய்.”

“நீங்க சொல்லாம இருந்து பாருங்க.”

“வலிக்குதே. சொன்னாத்தான நிக்குது.”

ஜமால் பாய் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஐப்பசியில் பள்ளிக்கு மாவட்ட அதிகாரி ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. அரிசி மூட்டை, முட்டைக் கணக்கு, புது வெள்ளையடிப்பு என்று ஓடிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் அவளுக்குக் கடைவாய்ப் பற்கள் நான்கும் ஒன்றோடொன்று உரசி நறநறக்கத் தொடங்கின. இரும்பும் இரும்பும் தேய்கிற கூச்சம் அது. பிரேக் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வண்டியாகப் போய் நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. பஸ்ஸுக்கு ஓடுகிற ஓட்டத்தில் வீதி முழுக்கக் கேட்கும்படி, யாருடைய வண்டியிலோ பிரேக் சரியில்லை, எல்லாரும் ஒருதரம் பார்த்துவிடுங்கள் என்று சொன்னாள். இரண்டு நாள் சொன்னாள். பதினோரு வீட்டிலும் கேட்டது. பதினோரு வீட்டிலும் மற்ற பத்து வீட்டுக்காகப் பரிதாபப்பட்டார்கள். மூன்றாம் நாள் அதிகாரி வரும் நாள். பேச வாய் திறக்க முடியாமல் அவள் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் புதன்கிழமை காலை எட்டாம் நம்பர் வீட்டு மயில்சாமி கேட்டுக்கு வந்தார். முப்பத்தெட்டு வயது, சொந்தமாக ஜவுளி வியாபாரம், நல்ல மனிதர்தான், ஏழுபேர் உட்காரும் வண்டி வைத்திருந்தார். மனைவி கீதாமணியையும் நாலு வயது மகள் மகிழினியையும் கூட்டிக்கொண்டு வால்பாறையில் கீதாமணியின் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு, மறுநாள் திரும்புவதாகத் திட்டம். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. பல்வலி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார்.

“இப்ப இல்லீங்க. மாத்திரை போட்டிருக்கறேன்.”

“அப்பக் கெளம்பலாமுங்களா?”

“மாத்திரை எனக்குத்தானுங்க போட்டேன், உங்க வண்டிக்குப் போடலையே. போறதுக்கு முன்னால ஜமால் பாய்கிட்டக் காட்டிட்டுப் போங்க.”

மயில்சாமி சிரித்தார். அவள் வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். உங்களுக்கு வலியில்லாமல் இருந்தால் அதுவே போதும் என்று நிஜமான அன்போடு சொல்லிவிட்டுப் போனார். வண்டி திரும்பும்போது குழந்தை முன்சீட்டில் அம்மாவின் மடியில் நின்றுகொண்டு கையசைத்தது. குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போடும்படி கருணாம்பிகை கூவினாள். கீதாமணி தானும் கையசைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டே காலுக்கு, பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்க, கருணாம்பிகை முட்டைப் பாத்திரத்தருகே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். மாத்திரையின் வேகம் அதற்குள் இறங்கியிருந்தது, பற்கள் மறுபடியும் நறநறக்கத் தொடங்கின, ஆனால் ஆய்வு முடிந்த நிம்மதியில் அதை அவள் கவனித்தும் கவனிக்காமல் இருந்தாள். நூற்று நாற்பதாவது முட்டையை எடுத்தபோது அவள் வலது பாதத்தின் கீழே தரை இல்லாமல் போனது. படி இருக்கிறதென்று காலை வைத்துப் படி இல்லாதபோது வயிறு ஒரு கணம் மேலே வருமே, அந்தக் கணம் முடியாமல் நீண்டுகொண்டே போனது. அவள் சரிந்தாள். சமையல்கார வேலாத்தாள் ஓடிவந்து பிடிப்பதற்குள் கருணாம்பிகைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது: இது மிதித்தும் அகப்படாத பிரேக், நேற்று மலையேறியது ஒரே வண்டி, இந்நேரம் அது இறங்கிக்கொண்டிருக்கும்.

கீதாமணியின் எண்ணை அழைத்தாள். முதல் முறை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறை எடுத்தாள். கீதாமணி அழவில்லை, மிக மெல்லிய குரலில், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்பதுபோல், பிரேக் பிடிக்க மாட்டேங்குதுங்க டீச்சர் என்றாள்.

“போனைச் சத்தமா வெச்சு அவர்கிட்டக் காட்டு கண்ணு. மயில்சாமி, கேக்குதுங்களா? கியரைக் குறைங்க. ஒவ்வொண்ணா. மூணு, அப்புறம் ரெண்டு.”

“இறங்க மாட்டேங்குதுங்க.”

“இறங்கும். வண்டி கத்தும், கத்தட்டும். எஞ்சினை மட்டும் அணைச்சிராதீங்க. பிரேக்கை மிதிச்சு மிதிச்சு விடுங்க. ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியா இழுக்காம, பட்டனை அமுக்கிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழுங்க.”

எஞ்சின் அலறுவது போனில் கேட்டது. அதைவிட முன்னாலேயே அவள் நெஞ்சுக்கூட்டில் கேட்டது. வரிசையில் நின்ற பிள்ளைகள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தார்கள்.

“பள்ளத்துப் பக்கம் திருப்பாதீங்க. மலைப்பக்கம் ஓடை இருக்குதல்ல, அதுல எறக்குங்க. வண்டி போனாப் போகுது, சுவத்துல உரசுங்க.”

அதன்பிறகு அவளுடைய இடது தோளிலிருந்து இடுப்பு வரை யாரோ பாறையால் தேய்த்ததுபோல் எரிந்தது. போனில் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அந்த ஒன்றும் வராத நேரத்தை அவள் பின்னாளில் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு மகிழினி வீரிட்டு அழுதாள். கருணாம்பிகை கையிலிருந்த முட்டையைப் பார்த்தாள். அது உடையாமல் இருந்தது. அதை எடுத்துவைக்கச் சொல்லி வேலாத்தாளிடம் கொடுத்துவிட்டு, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பதினேழாவது வளைவுக்கு மேலே, மலையோர ஓடையில் வண்டி சாய்ந்து கிடந்தது. பிரேக் பேடு வெறும் தகடாகத் தேய்ந்திருந்தது. மூன்று வருஷமாக மாற்றாத பிரேக் ஆயில் கொதித்துப் போயிருந்தது. மயில்சாமிக்கு நெற்றியிலும் கீதாமணிக்கு மணிக்கட்டிலும் காயம். குழந்தைக்கு உதடு கிழிந்து இரண்டு தையல். பெல்ட் போட்டிருந்தால் அதுவும் வேண்டியிருந்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சனிக்கிழமை மாலை மயில்சாமி கட்டோடு வந்தார். கருணாம்பிகை கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அந்த வண்டியின் இடது கதவுகளைத் தட்டி எடுத்து முடிக்கும்வரை அவளுக்கு அப்படித்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண் கலங்கியது. நன்றி சொல்லப்போகிறார் என்று சென்னியப்பன் நினைத்தார்.

“ஏனுங்க டீச்சர், எங்க வண்டிதான்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமல்லங்க?” என்றார் மயில்சாமி.

சென்னியப்பன் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். கோபத்தில் தன் வாயில் என்ன வரும் என்று அவருக்கே தெரியவில்லை. அந்த மனிதர் கெட்டவர் இல்லை என்பதும், நெஞ்சார நம்பிக்கொண்டுதான் இதைக் கேட்கிறார் என்பதும் கருணாம்பிகைக்கு மற்ற வலிகளையெல்லாம்விடக் கூடுதலாக வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த்தொட்டிப் பூங்காவில் சங்கம் கூடியது. குப்புராஜ் மூன்று தீர்மானங்களை வாசித்தார். டீச்சர் இனி வலி மாத்திரை போடக்கூடாது. வெளியூர் போவதானால் சங்கத்துக்கு ஒரு வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும். பார்வை நேரத்தை மாலையிலும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். எல்லாரும் கைதூக்கினார்கள். வண்டியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் இருக்கிறதா என்று சென்னியப்பன் கேட்டார். அது அவரவர் விருப்பம், சங்கம் அதில் தலையிட முடியாது என்றார் குப்புராஜ்.

கருணாம்பிகை பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தீர்மானங்களைப் பற்றி அவளுடைய கருத்தைக் கேட்டார்கள்.

“சரிங்க,” என்றாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் கேட்டுக்கு வந்தாள். நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

“வலி இருக்குதுங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள்.

எங்கே என்று கேட்டார்கள். இருக்குது என்றாள். காலா, கையா, பல்லா என்று கேட்டார்கள். உடம்பில் என்றாள். யாருடைய வண்டி என்று குப்புராஜ் கேட்டார். பதினொன்றில் ஒன்று என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள், அதற்கு மறுநாளும். வற்புறுத்தினார்கள், கீதாமணி கட்டுப்போட்ட கையால் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கிக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, வலியும் இருக்கிறது என்றாள். பிடிவாதம், திமிர், பொதுநலம் இல்லாதவள் என்றெல்லாம் பேச்சு வந்தது. வீதியின் சொத்தைத் தனியாக வைத்துக்கொள்கிறாள் என்று ஒருவர் சங்கத்தில் எழுதிக்கொடுத்தார். அவள் நிஜமாகவே வலியில் இருந்தாள். சொன்னால் நின்றுவிடும் என்று தெரிந்தும், நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்று நாள் தாகத்தையும் ஐந்து நாள் முழங்காலையும் பொறுத்துக்கொண்டாள்.

முதலில் பானெட்டைத் திறந்தது மயில்சாமி. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பிவந்த வண்டியில் ஏறி, பிரேக்கை நாலு தடவை மிதித்துப் பார்த்தும் சாவியைத் திருப்ப அவருக்குத் துணிவு வரவில்லை. அதற்கடுத்த நாள் ஐந்தாம் நம்பர் வீட்டுக்காரர், பிறகு குப்புராஜ், அதுவும் யாரும் பார்க்காத நேரம் பார்த்து. கார்த்திகை பிறந்தபோது காலை ஏழு மணிக்கு மூன்றாவது வீதியில் பதினோரு பானெட்டுகளும் வாய் திறந்து நின்றன. திட்டிக்கொண்டே ஆயில் குச்சியை உருவினார்கள், திட்டிக்கொண்டே குனிந்து டயரைத் தடவினார்கள், ஒருவர் ஹெட்லைட்டைப் போட இன்னொருவர் முன்னால் போய் நின்று பார்த்தார். டயரில் ஏறியிருந்த ஆணி ஒன்றும், எலி கடித்த ஒயர் ஒன்றும், வலியாக மாறுவதற்கு முன்பே அகப்பட்டன. பலகை மட்டும் மழையில் எழுத்தழிந்து தொங்கியது. மயில்சாமி கடைசிவரை மன்னிப்பு என்று ஒன்று கேட்கவில்லை. ஆனால் மகிழினியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டும் ‘டக்’ சத்தம் காதில் விழாமல் அவர் வண்டியை நகர்த்தியதில்லை.

தை மாதம் ஒரு காலையில் கருணாம்பிகை விழித்தபோது எதுவுமே வலிக்கவில்லை. மறுநாளும் இல்லை. பாதம் பாதமாகவும் பல் பல்லாகவும் இருந்தன. வண்டிகள் எல்லாம் சரியாக இருப்பதால்தானா, அல்லது வந்ததுபோலவே அந்த விஷயம் தன்னைவிட்டுப் போய்விட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமானால் யாராவது ஒருவர் தன் வண்டியைக் கவனிக்காமல் விட வேண்டும். அந்தச் சோதனைக்கு அவள் தயாராக இல்லை. ஆகவே ஏழு மணிக்குக் கேட்டுக்குப் போய், வலி இருக்குதுங்க என்றாள்.

இப்படி ஒரு மாதம் போனது. சென்னியப்பன் முப்பது வருஷமாக அவளோடு வாழ்கிறவர். அவள் மாடிப்படி ஏறுவதையும், தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதையும், இட்லி மாவு கரைக்கும்போது பாடுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் காபியை ஆற்றிக் கொடுத்தபடியே அவளிடம் கேட்டார்.

“இன்னைக்கு எந்தக் காலு?”

கருணாம்பிகை டம்ளரை வாங்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

“நேத்து வலது,” என்றாள்.

காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இடது காலை இழுத்து இழுத்து நடந்து அவள் கேட்டைத் திறந்தாள்.